தவணைக்கு ஒரு நோய்

ஜூன் 9, 2025, திங்கள்

காலை வகுப்பு முடிந்து பிள்ளைகள் இறங்கிப் போனதும் வரிப் படிவத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பர்மிய அரசுப் பள்ளியில் முப்பத்தொரு வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தபோது இதைப் பற்றி யோசித்ததே கிடையாது. சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். ஓய்வு பெற்று வீட்டில் டியூஷன் ஆரம்பித்த பிறகு நானே முதலாளி, நானே கூலியாள், நானே குமாஸ்தா. மூன்று மாதத்துக்கு ஒருமுறை முன்பணமாகக் கட்டியிருக்க வேண்டும். கட்டவில்லை. ஒவ்வொரு முறையும், அடுத்த தடவை சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டேன். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையிடம் நான் என்ன சொல்வேன்? "நேற்று விட்ட ஒரு கணக்கு இன்று இரண்டு, நாளை அது நாலு." பதினெட்டுப் பிள்ளைகளுக்குச் சொன்னதை எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

போன தடிஞ்சுட் விளக்குப் பண்டிகைக்குப் பிள்ளைகள் மண்டியிட்டுக் கும்பிட்டு, கடோ என்று குருகாணிக்கையாக உறையில் வைத்துக் கொடுத்த பணம் நாலு லட்சத்தையும் வருமானத்தில் சேர்த்தேன். இவர் எட்டிப் பார்த்தார்.

"கடோ காசையுமா எழுதுற? கோயில் உண்டியலுக்கு யாராவது வரி கட்டுவாங்களா நாகு?"

"கடைக்காரர் கொசுறாகக் கொடுத்த கறிவேப்பிலையும் நம்ம குழம்பில்தானே போகிறது?" என்றேன்.

"அப்ப எழுது. ஊர்ல உன்னை மாதிரி இன்னொரு கிறுக்கு இருந்தா காட்டு" என்று வெற்றிலையை மென்றுகொண்டே டீக்கடைக்குப் போய்விட்டார்.

மொத்த வரி: ஏழு லட்சத்துப் பதினாலாயிரத்து நானூறு கியாட். இரண்டு தரம் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. இந்த முப்பதாம் தேதிக்குள் கட்ட வேண்டும்.

ஜூன் 10

மூன்றாம் தரமும் போட்டுப் பார்த்தேன். மாறவில்லை.

ஜூன் 12, வியாழன்

முதல் மாடியிலிருந்து சைதாக்கா வந்தார். வீட்டுக்காரி என்றாலும் இருபது வருஷமாக அவர் கை கஞ்சி குடிக்காத நோன்பு எனக்கில்லை. பர்மியத்தில் டீச்சரைச் சயாமா என்பார்கள்; பிள்ளைகளைப் போல அவரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். இன்று வந்ததோ வாடகை பேச. ஜூலை பதினைந்தோடு ஒப்பந்தம் முடிகிறது.

"சயாமா, இந்தத் தடவை ஆறு மாசம் ஆறு மாசமா வேணாம். ஒரு வருஷத்த ஒத்தாப்புல தந்துருங்க. மவனைத் தாய்லாந்துக்கு அனுப்பப் பணம் கட்டணும். மூணாவது தெரு செருப்புக் கடைக்காரர் கோடவுனுக்குக் கேட்டுக்கிட்டே இருக்காரு, முழுசாத் தர்றேங்கிறாரு. நான் உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன்."

நாற்பத்திரண்டு லட்சம். பீரோவில் சரியாக நாற்பத்திரண்டரை இருக்கிறது. வாடகை கொடுத்தால் வரி இல்லை. வரி கட்டினால் வாடகை இல்லை. வளையல்கள் போன வருஷமே இன்வெர்ட்டராகவும் பேட்டரியாகவும் மாறிவிட்டன. மின்சாரம் இல்லாத நேரத்தில் பிள்ளைகள் படிக்க வேண்டுமே. பென்ஷனைப் பற்றி எழுதினால் காகிதம் வீண்.

இந்த வீடு போனால் டியூஷன் போயிற்று. பிள்ளைகள் எல்லாம் இந்தப் பபேடான் பகுதியில், நாலு தெருவுக்குள் இருக்கிறவர்கள். பள்ளி விட்டு நடந்து வருகிறார்கள். அந்த நடைதான் என் பிழைப்பு.

வரியைத் தவணையில் கட்ட அனுமதி கேட்கலாம் என்று படிவத்தின் பின்பக்கத்தில் இருக்கிறது. கேட்கப் போகிறேன். கேட்பதில் என்ன தவறு?

ஜூன் 16, திங்கள்

தவறு கேட்பதில் இல்லை. கேட்ட விதத்தில்.

நானே பர்மியத்தில் ஒரு கடிதம் எழுதிக்கொண்டு போனேன். வாடகையும் வரியும் ஒரே மாதத்தில் விழுவதையும், டிசம்பருக்குள் மூன்று தவணையில் ஒரு கியாட் பாக்கியில்லாமல் கட்டிவிடுவேன் என்பதையும் எழுதி, மாதவாரியாக வரவைக் காட்டி ஓர் அட்டவணையும் இணைத்திருந்தேன். அட்டவணை அழகாகக்கூட இருந்தது. வரி ஆபீஸ் மேஜையில் இருந்த அம்மா பொறுமையாகத்தான் படித்தாள்.

"வாடகை எல்லோருக்கும்தான் இருக்கிறது, சயாமா. இது காரணம் ஆகாது" என்று திருப்பிக் கொடுத்தாள்.

வெளியே நடைபாதையில் குடைக்கு அடியில் அஜ்மலின் தட்டச்சுக் கடை. கீழக்கரைப் பக்கத்துக் குடும்பம். மூன்று தலைமுறையாக இங்கேதான். என் முகத்தைப் பார்த்தே ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"வாடகைன்னு எழுதுனீங்களா? அட ரப்பே! உண்மைய எழுதுனா யாரு சயாமா ஒத்துக்குவா?"

ஒரு பிளாஸ்டிக் கோப்பைத் திறந்தான். உள்ளே மாதிரிக் கடிதங்கள் வரிசையாக. தீ. வெள்ளம். நோய். மரணம். பெயரும் தேதியும் மட்டும் காலியாக விட்டிருந்தது. நோய்க்கு எட்டாயிரம், மரணத்துக்குப் பன்னிரண்டாயிரம்.

"மவுத்துதான் நல்லா வேலை செய்யும். ஆனா உங்களுக்கு ஆள் வேணுமே. சார் இருக்காருல்ல?"

"இருக்கிறார். காலையில் மூன்று பரோட்டா சாப்பிட்டார்."

"அப்ப நோய். சாருக்குப் பக்கவாதம். பேட்டை ஆபீஸ்ல ஒரு பரிந்துரை வாங்கிக்கிருவோம், அவ்வளவுதான். யாருக்கும் நட்டமில்ல. வரிய ஏமாத்தலியே நீங்க, தள்ளித்தான வைக்கிறீங்க?"

அந்த வாதத்தில் ஓட்டை எங்கே என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இல்லை, தெரிந்தது. பிள்ளைகள் விடையைப் பின்பக்கம் பார்த்து எழுதிவிட்டு, "விடை சரிதானே சயாமா" என்பார்கள். விடை சரிதான். நடுவில் இருக்கும் வரிகள் யாருடையவை?

கடிதம் மடியில் இருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை.

ஜூன் 17

போட்டுவிட்டேன்.

ஜூன் 18, புதன்

இவரிடம் சொன்னேன். சிரித்தார். "எந்தக் கை விழுந்திருக்கு? சொல்லிடு, வெத்தலையை மாத்திக்கிறேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு வந்தது.

ஜூன் 20, வெள்ளி

எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுத வேண்டும்.

எட்டரை மணிக்கு பேட்டை ஆபீஸிலிருந்து ஃபோன். நோயாளியை நேரில் பார்த்துவிட்டுத்தான் பரிந்துரை எழுதுவார்களாம், பத்து மணிக்கு ஆள் வருகிறதாம். வருகிறவன் மின் தூ. அங்கே எழுத்தராக இருக்கிறான் என்று தெரியும். இந்த வேலைக்கு அவனையே அனுப்புவார்கள் என்று நினைக்கவில்லை. அவன் அம்மா தமிழ், அப்பா பர்மியர். பத்தாம் வகுப்புக் கணக்கில் மூன்று தடவை தோற்றவன். நாலாம் தடவைக்கு ஒரு வருஷம் முழுக்கக் காசு வாங்காமல் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். பின்னத்தை அவனுக்குப் புரிய வைக்க ஆரஞ்சுச் சுளைகளைப் பிரித்துப் பிரித்து, எத்தனை ஆரஞ்சு தீர்ந்ததோ.

இவரைப் படுக்க வைத்தேன். முதலில் குஷியாக இருந்தார். "தலையணை ரெண்டு வை. தைலம் தடவு, வாசனை வரட்டும். வாய் கோணணுமா?" என்று கேட்டு, கோணியும் காட்டினார். போர்வையை மார்பு வரை இழுத்துவிட்டேன். அறுபத்தாறு வயதில், முழு உடம்போடு இருக்கிற கணவனை நோயாளியாக ஜோடிக்கிறேன். நாடகத்துக்கு வேஷம் கட்டுகிற மாதிரி. சீ.

மின் தூ செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு வந்தான். கையில் ஆரஞ்சுப் பை, மால்ட் பொடி டப்பா. சைக்கிளில் வந்ததில் சட்டை நனைந்திருந்தது. இவரைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், எப்போதிலிருந்து என்று ஒரு கேள்வியாவது கேட்பான், நானும் தயார் செய்து வைத்த பதிலைச் சொல்வேன் என்று நினைத்திருந்தேன். கட்டிலுக்கு முன்னால் லொஞ்சிக் கைலியை ஒதுக்கிக்கொண்டு மண்டியிட்டான். கைகூப்பி, நெற்றி தரையில் பட மூன்று தரம் கும்பிட்டான். பிறகு திரும்பி எனக்கும் மூன்று தரம்.

"ஊ பாலா நல்லாயிடும். சயாமா பயப்படாது" என்று, இவர் பெயருக்கு முன்னால் பர்மிய மரியாதைச் சொல்லையும் சேர்த்து, அவனுடைய உடைந்த தமிழில் சொன்னான். தலையணைக்கு அடியில் ஓர் உறையைச் செருகினான். இவர் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார்.

அவன் போன பிறகு உறையைப் பிரித்தேன். முப்பதாயிரம். அவன் சம்பளம் எவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இவர் எழுந்து உட்கார்ந்தார். வாய் கோணலாகவே இருந்தது. அழுகிறார் என்று புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

"அவன் கும்பிட்டப்ப நெஜமாவே நெஞ்சு அடைச்சுது நாகு. என்னத்துக்குடி இதெல்லாம்?"

ஆரஞ்சுகளை ஒரு பாத்திரத்தில் கொட்டி, கண்ணில் படாத இடத்தில் வைத்தேன்.

ஜூன் 21

ஆரஞ்சை இருவரும் தொடவில்லை.

ஜூன் 25, புதன்

அனுமதி வந்துவிட்டது. செப்டம்பர், நவம்பர், டிசம்பர் என்று மூன்று தவணை. அஜ்மல் ஃபோனில் கத்தினான்: "பாத்தீங்களா சயாமா! நம்ம பக்கவாதம் என்னைக்கும் தோத்ததில்ல!"

நாற்பத்திரண்டு லட்சத்தைக் கீழே சைதாக்காவிடம் கொடுத்துவிட்டால் முடிந்தது. வீடு நிற்கும். பிள்ளைகள் வருவார்கள். டிசம்பருக்குள் வரியும் தீர்ந்துவிடும். யாருக்கும் நட்டமில்லை. உண்மையிலேயே யாருக்கும் நட்டமில்லை. அதுதான் எனக்கு அதிக அருவருப்பாக இருக்கிறது. ஒருவருக்காவது நட்டம் இருந்தால் அவரிடம் போய் மன்னிப்புக் கேட்கலாம்.

சாயங்கால வகுப்பில் இக்ரா பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதினாள். பார்த்தேன். வழக்கமாக அருகில் கூப்பிட்டு, "உன் அம்மா சமைத்த சோற்றை நீ சாப்பிட்டால்தானே உன் வயிறு நிறையும், பக்கத்தில் இருக்கிறவள் சாப்பிட்டால் நிறையுமா" என்று ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துத் திருத்துவேன். இன்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு பொய்யின் விலை எட்டாயிரம் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஜூன் 28, சனி

மின் தூ வீட்டுக்குப் போனேன். உறையை எடுத்துக்கொண்டு. அதே முப்பது நோட்டும் அப்படியே. கீழே பேட்டரிக் கடை, மேலே ஒற்றை அறை. சனிக்கிழமை என்பதால் வீட்டில் இருந்தான். துணி துவைத்துக்கொண்டிருந்தவன் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தான்.

வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். போய்ச் சேர்ந்ததும் ஒரே வரிதான் வந்தது.

"மின் தூ, அவருக்கு ஒன்றுமில்லை. நோயே இல்லை."

அவன் உறையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "தெரியும் சயாமா" என்றான்.

"என்ன தெரியும்?"

"ஊ பாலா உதட்டில வெத்தல சாறு சிவப்பா இருந்துது. பக்கவாதம் வந்த ஆள் வெத்தல போடுமா? எங்க தாத்தாவுக்கு வந்துது, எனக்குத் தெரியும்."

அங்கே கிடந்த வாளியின் மேலேயே உட்கார்ந்தேன்.

"தெரிந்துமா எழுதிக் கொடுத்தாய்? தெரிந்துமா கும்பிட்டாய்?"

பிறகு அவன் பர்மியத்துக்கு மாறிக்கொண்டான். அதில்தான் அவனுக்கு வார்த்தை கிடைக்கும். "கும்பிட்டது நிஜம், சயாமா. எழுதினதுதான் பொய். நீங்கள் பொய் சொல்கிற அளவுக்கு வந்திருக்கிறீர்கள் என்றால் பெரிய கஷ்டம்தான் என்று நினைத்தேன். அதற்குத்தான் அந்தப் பணம். பக்கவாதத்துக்கு இல்லை."

நான் கற்றுக் கொடுத்ததில் எது இவனுக்கு ஒட்டியிருக்கிறது? பின்னமா? இத்தனை வருஷமாக என் மேல் வைத்திருந்த மரியாதையைக் கொண்டுவந்து என் பொய்க்குக் கீழே முத்திரையாகக் குத்தியிருக்கிறான். லஞ்சம் கொடுப்பவர்களைப் பற்றி என்னவெல்லாம் பேசியிருக்கிறேன். அவர்கள் பணம்தான் கொடுக்கிறார்கள். நான் கொடுத்தது என்ன?

ஆபீஸில் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அப்போதுதான் அவன் முகம் மாறியது; மறுபடி தமிழுக்குத் தாவினான்.

"வேணாம் சயாமா. பரிந்துரையில கையெழுத்து என்னோடது. நேர்ல பாத்தேன்னு எழுதியிருக்கு. வேலை போயிரும்." பிறகு, "பொண்டாட்டிக்கு ஆகஸ்ட்ல பிரசவம்" என்றான்.

எட்டாயிரம் கொடுத்து நான் வாங்கிய பொய், இப்போது எனக்கு மட்டும் சொந்தமில்லை. திருப்பிக் கொடுக்கக்கூட முடியாது.

உறையை அவன் வாங்கவில்லை. நான் எழுந்தபோது துவைத்த சட்டையின் மேல் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினேன்.

ஜூன் 29

காலையில் இவரிடம் எல்லாம் சொன்னேன். வெகு நேரம் பாக்கை வெட்டிக்கொண்டே இருந்தார், வாயில் போடவில்லை.

"கட்டிடு" என்றார்.

"வீடு?"

"படுத்தே கெடக்கணும்னா இந்த வீடு எனக்கு வேணாம் நாகு. மறுபடி அவன் வந்து கும்பிடுவான். ஒவ்வொரு தவணைக்கும் நான் படுக்கணுமா?"

திருமணம் ஆன நாளிலிருந்து இந்த மனிதரிடம் எடுத்துக்காட்டு சொல்லிச் சொல்லியே பேசி வருகிறேன். இன்று அவர் சொன்னதற்கு எடுத்துக்காட்டு தேவைப்படவில்லை.

ஜூன் 30, திங்கள்

கட்டினேன். முழுவதும். ஏழு லட்சத்துப் பதினாலாயிரத்து நானூறு.

அதே அம்மா. அனுமதிக் கடிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "மூன்று தவணை கொடுத்திருக்கிறோமே, எதற்கு இன்றைக்கே?"

"பணம் இருந்தது" என்றேன். அது உண்மை. முதல் நாளிலிருந்தே இருந்தது.

ரசீதில் முத்திரை குத்திக்கொண்டே, நல்ல மனதோடுதான், கேட்டாள்: "வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார்?"

மின் தூவின் பெயர் அவள் மேஜையில்தான், கோப்புக்குள் எங்கேயோ இருக்கிறது.

"தேவலை" என்றேன்.

அந்த ஒரு சொல்லையும் இங்கே எழுதி வைக்கிறேன். அதை எனக்கு யாரும் தட்டச்சு செய்து தரவில்லை.

வெளியே வந்தபோது அஜ்மலின் ஸ்டூலில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். கோப்பு திறந்திருந்தது. எந்தப் பக்கம் என்று நான் பார்க்கவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

சைதாக்காவிடம் சொன்னேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நான் என்ன செய்வேன் சயாமா? மவன் பணத்துக்கு ஏழாந்தேதி கெடு."

"நீங்கள் ஒன்றும் தவறு செய்யவில்லை அக்கா."

"அப்படிச் சொல்லாதீங்க. திட்டிட்டுப் போங்க. மனசாவது ஆறும்."

திட்ட ஆள் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். சைதாக்கா அதற்குச் சரிப்பட்டு வரவில்லை.

ஜூலை 5

டாலாவில் ஒரு வீடு. ஆற்றுக்கு அக்கரை. இரண்டு அறை, தகரக் கூரை, மாத வாடகை மாதாமாதம் கொடுத்தால் போதும். முன்பணமாக இரண்டு மாதம். இவர் படகில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "காத்து நல்லா வருது" என்றார். வேறு எதையும் புகழ அவருக்கு அகப்படவில்லை போலிருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

பெற்றோர்களிடம் சொல்லி முடித்தேன். பிள்ளைகளைப் படகில் அனுப்ப யாரும் தயாரில்லை. நானாக இருந்தாலும் அனுப்பியிருக்க மாட்டேன். நிலோஃபரின் அம்மா, "நீங்களே இக்கரைக்கு வந்து எங்க வீட்ல சொல்லிக் குடுங்களேன்" என்றாள். முட்டி இரண்டும் படகுத்துறைப் படிகளைப் பற்றி ஏற்கெனவே தங்கள் கருத்தைச் சொல்லிவிட்டன.

இக்ரா தன் நோட்டை நீட்டினாள். கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்கு. தானே போட்டது, நடுவில் ஒரு வரி தவறு, விடையும் தவறு. பத்துக்குப் பத்து போட்டேன். ஆசிரியராக நான் இதுவரை செய்ததே இல்லை.

ஜூலை 15

கரும்பலகை மாடிப்படி வளைவில் திரும்பவில்லை. விட்டுவிட்டு வந்தோம். செருப்புக் கடைக்காரர் விலைப்பட்டியல் எழுத வைத்துக்கொள்ளட்டும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மின் தூவுக்குப் பெண் குழந்தை. ஃபோனில் சொன்னான். ஏழு பவுண்டாம். குரலில் சந்தோஷம் தெரிந்தது. எனக்கும் சந்தோஷம்தான். பேசி முடித்த பிறகும் ஒரு கசப்பு நாக்கில் இருந்தது. அவனைப் பற்றிய கசப்பு இல்லை. அவன் என்னை இன்னும் அதே குரலில் சயாமா என்கிறான், அது.

இங்கே இதுவரை நாலு பிள்ளைகள். சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறவரின் இரண்டு பையன்கள், மீன் விற்கும் பெண்ணின் மகள், எதிர்வீட்டு நாஜியா. பெருக்கல் வாய்ப்பாட்டிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. தொடங்கியிருக்கிறேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

அஜ்மல் கூப்பிட்டான். காலாண்டு முடிகிறதாம், ஞாபகப்படுத்துகிறானாம்.

"சயாமா, முன்பணம் கட்டணும்ல? தள்ளி வைக்கணும்னா சொல்லுங்க. இப்ப நீங்க டாலாக்காரவுக, வெள்ளம்னே போட்ரலாம். பொய்யே கிடையாது, பாதி உண்மை!"

"தள்ளி வைக்க ஒன்றுமில்லை, அஜ்மல்" என்றேன். வகுப்பில் சொல்வது போலவே படிப்படியாகச் சொன்னேன். ஜூலைப் பாதி வரை பதினெட்டுப் பிள்ளைகள். அதற்குப் பிறகு நாலு. இந்த நாலு பேரும் மார்ச் வரை ஒரு மாதம் தவறாமல் பணம் கொடுத்தாலும், எல்லாவற்றையும் கூட்டினால் வரி வரம்பைத் தொடாது. இந்த வருஷம் எனக்கு வரியே கிடையாது.

பக்கத்தில் யாரோ தட்டச்சு செய்யும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப வருமானம் கொறஞ்சு போச்சுன்னு ஒரு கடுதாசி குடுக்கணுமே" என்றான், குரல் இறங்கி. "நான் அடிச்சித் தர்றேன். காசு வேணாம்."

"வேண்டாம்ப்பா. நானே எழுதிக்கொள்கிறேன்."

மத்தியானம் உட்கார்ந்து எழுதினேன். ஒரே பக்கம்தான் வந்தது. அட்டவணையும் இணைத்திருக்கிறேன். நாளைக் காலையில் முதல் படகிலேயே போய்க் கொடுக்க வேண்டும்.